வேதியியல் வரலாறு பத்தி வரப்போற கருத்தரங்குகள்: டெல்டாவுலேந்து எதுக்கு அப்ளை பண்ணலாம்?

குடந்தை_வேதியன்

வணக்கம் எல்லாருக்கும். கும்பகோணம் பக்கத்துல ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரிக்கு கௌரவ விரிவுரையாளரா இருக்கேன், ஆறு வருஷம் ஆச்சு. கிளாஸ்ல தனிம அட்டவணை எடுக்கறப்ப பசங்க "சார் இத யாரு சார் கண்டுபிடிச்சா, எப்படி சார் தெரிஞ்சுது"ன்னு கேப்பாங்க. புக்குல ஒரு போட்டோவும் ரெண்டு வருஷமும்தான் இருக்கும், அதுக்கு மேல எனக்கும் தெரியாது. அதுக்குன்னு தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சு இப்ப பாடத்த விட அதோட வரலாறுதான் ராத்திரி பகல்னு மனசுல ஓடிக்கிட்டு இருக்கு.

இந்தத் துறையில ஒரு நல்ல கருத்தரங்குல பேப்பர் படிக்கணும்னு ஆசை. போன வருஷம் ஒரு மெயில் வந்துச்சு, "சர்வதேச மாநாடு, வேதியியல், நானோ, பொருளாதாரம், வரலாறு எல்லாத்துக்கும் கட்டுரை வரவேற்கப்படுகிறது"ன்னு. 6,500 ரூபாய் கட்டினேன், கெஸ்ட் லெக்சரர் சம்பளத்துல அது எவ்ளோ பெருசுன்னு உங்களுக்கே தெரியும். ஜூம்ல பாத்தா பதினோரு பேர், அதுலயும் பாதிப்பேர் கேமரா ஆஃப். எனக்கு குடுத்தது ஏழு நிமிஷம், ஒருத்தர் கூட ஒரு கேள்வி கேக்கல, மறுநாள் சர்டிபிகேட் வந்துருச்சு. பணம் போனத விட அந்த ஒரு கேள்வி கூட வராததுதான் இன்னும் உறுத்துது.

அதனால தெரிஞ்சவங்க சொல்லுங்க. உண்மையான நிகழ்ச்சிகள் எதெல்லாம், எப்ப எப்ப வரும், ஆன்லைன்ல கேக்க முடியுமா? சித்தர்களோட ரசவாதம் பத்தி எழுதலாம்னு இருக்கேன், அது எடுபடுமா?

மன்னார்குடி_மதில்

தம்பி, நான் அறிவியல் வரலாறுல பிஎச்டி பண்ணவ, ஊரு மன்னார்குடி, இப்ப வடக்க இருக்கேன். தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல நீங்க நேரா போகணும்னு கனவு காண வேண்டிய இடம், வேதியியல் வரலாறுக்கான சர்வதேச கருத்தரங்கு. ஐரோப்பிய வேதியியல் சங்கத்தோட வரலாற்றுக் குழு நடத்துறது. 2019ல நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட், 2023ல லித்துவேனியாவுல வில்னியஸ், 2025ல ஸ்பெயின்ல வலென்சியா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைங்கற கணக்குல பாத்தா அடுத்தது 2027, அதுக்கான அறிவிப்பு எப்ப வருதுன்னு அந்தக் குழுவோட பக்கத்த மாசம் ஒரு தடவையாவது பாத்துக்கிட்டே இருங்க. கட்டுரைச் சுருக்கம் கேக்குறது எப்பவுமே நிகழ்ச்சிக்கு பல மாசம் முன்னாடி, அத தவற விட்டா அவ்ளோதான். இத விடப் பெருசு அறிவியல் தொழில்நுட்ப வரலாறுக்கான உலக மாநாடு, நாலு வருஷத்துக்கு ஒண்ணு, 2025ல நியூசிலாந்துல டனீடின்ல நடந்துச்சு, அதுல வேதியியல் ஒரு பகுதிதான்.

அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டில வரலாற்றுக்குன்னே ஒரு பிரிவு 1921லேந்து இருக்கு. அவங்க சங்கம் வருஷத்துக்கு ரெண்டு தடவ கூடும், வசந்தத்துல ஒண்ணு இலையுதிர் காலத்துல ஒண்ணு, ரெண்டுலயும் இந்தப் பிரிவு அமர்வு நடத்தும்.

ஆனா காசில்லாம உடனே தொடங்கணும்னா லண்டனப் பாருங்க. ரசவாத வேதியியல் வரலாற்றுச் சங்கம்னு ஒண்ணு இருக்கு, சுருக்கி ஷாக்னு சொல்லுவாங்க, 1935ல தொடங்கினது, ஆம்பிக்ஸ்ங்கற பத்திரிகை அவங்களோடதுதான். கொரோனாவுலேந்து ஆன்லைன்ல செமினார் நடத்துறாங்க. லண்டன்ல சாயங்காலம் 5 மணின்னா நமக்கு ராத்திரி 9.30, குளிர்காலத்துல 10.30, சாப்டுட்டு உக்காரலாம். நான் முதல்ல ஒரு வருஷம் வெறுமன கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். கடைசி அரைமணி கேள்வி நேரம் இருக்கு பாருங்க, அத கவனமா கேளுங்க. "இந்தப் பிரதிக்கு என்ன தேதி, அந்தத் தேதி எப்படித் தெரியும்"னு அவங்க ஒருத்தர ஒருத்தர் எப்படி கிண்டறாங்கன்னு கேட்டாலே பாதி ஆராய்ச்சி முறை பிடிபட்டுரும். பார்ட்டிங்டன் பரிசுன்னு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ, ஆராய்ச்சிய புதுசா தொடங்குறவங்களோட அச்சாகாத கட்டுரைக்கு அவங்கதான் குடுக்குறாங்க.

நம்ம நாட்டுல டெல்லி இந்திய தேசிய அறிவியல் கழகம். அவங்களோட அறிவியல் வரலாற்று இதழ் 1966லேந்து வருது, பழைய இதழெல்லாம் நெட்ல சும்மாவே படிக்கலாம். எழுதறதுக்கு முன்னாடி அதுல ரசவாதம்னு ஒரு பத்துக் கட்டுரையாவது தேடிப் படிங்க, ஏற்கெனவே யாரு என்ன சொல்லிட்டாங்கன்னு தெரியணும்.

போலி மாநாடு பத்தி. யாரு நடத்துறாங்கன்னு ஒரு சங்கம் பேரோ பல்கலைக்கழகம் பேரோ தெளிவா இருக்கணும், கட்டுரைய தேர்ந்தெடுக்குற குழுவுல இருக்கறவங்க அந்தத் துறையில எழுதியிருக்காங்களான்னு தேடிப் பாக்கணும், படிச்சுப் பாக்காமயே மூணு நாள்ல "ஏற்றுக்கொள்ளப்பட்டது, பணம் கட்டவும்"னு வந்தா விட்டுருங்க. உங்களுக்கு நடந்தது எனக்கும் ஆரம்பத்துல நடந்துருக்கு, மனசு விடாதீங்க.

ரசவாதம் பத்தி சுவடி தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

திருவாரூர்_தேரடி

நண்பா கண்டிப்பா சித்தர் ரசவாதமே பண்ணுங்க. போகர் சித்தர் பல்லாயிரம் வருஷம் முன்னாடியே நவபாஷாணம், அதாவது ஒன்பது விஷச் சரக்க, சேத்துக் கட்டிட்டாரு, வெள்ளைக்காரன் கெமிஸ்ட்ரி எல்லாம் நேத்து வந்தது. இத உலக மேடையில போய் நெஞ்ச நிமித்தி சொல்லணும், யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்.

சுவடிக்கட்டு

தேரடித் தம்பியோட ஆதங்கம் எனக்குப் புரியுது, எனக்கும் இருபத்தஞ்சு வயசுல அதே வேகம்தான். தஞ்சாவூர்ல முப்பது வருஷத்துக்கு மேல ஓலையோட பழகினவன்ங்கற முறையில சொல்றேன், "பல்லாயிரம் வருஷம்"னு ஆரம்பிச்சா அந்த மேடையில முதல் கேள்வியிலயே நின்னுருவோம். போகர் பேர்ல இருக்குற பாட்டெல்லாம் எந்தக் காலத்துத் தமிழ்ல இருக்கு, நம்ம கையில இருக்குற ஏடு எப்ப எழுதினது, இந்த ரெண்டுக்கும் பதில் வச்சுக்கிட்டுதான் வாயத் தொறக்கணும். ஓலை நம்ம வெயிலுக்கும் பூச்சிக்கும் ரொம்ப காலம் தாங்காது, படி எடுத்துப் படி எடுத்துத்தான் வந்துருக்கு, படி எடுத்தவங்க சேத்ததும் உண்டு விட்டதும் உண்டு.

அதுக்காக அதுல சரக்கு இல்லன்னு சொல்லல. சொல்லப்போனா அதுல வர்ற மருந்துப் பொருளுக்கே சரக்குன்னுதான் பேரு. பாஷாணம்னா விஷச் சரக்கு, அது 64ன்னு கணக்கு, 32 பிறவி, 32 வைப்பு, அதாவது இயற்கையில கிடைக்கறது பாதி செஞ்சு எடுக்கறது பாதி. இப்படி ரெண்டாப் பிரிக்கணும்னு தோணுச்சு பாருங்க, அதுவே ஒரு கருத்தரங்குக்குப் போதுமான விஷயம். துருசு, அன்னபேதி, சீனக்காரம், நவச்சாரம், வெடியுப்பு, வீரம், பூரம், லிங்கம்... இதுல ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு அடுப்பும் ஒரு வியாபாரப் பாதையும் இருக்கு. சீனக்காரம்ங்கற பேருலயே சீனம் நிக்குது. வெடியுப்பையும் (பொட்டாசியம் நைட்ரேட்) அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) சேத்து வாலையில, அதாவது வடிக்கிற பாத்திரத்துல, ஏத்தினா நைட்ரிக் அமிலம் இறங்கும்னு குடந்தைத் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, திராவகம்னு நம்ம ஆளுங்க சொன்னது அத மாதிரி சங்கதியத்தான். ஆனா இந்தச் சொல்லெல்லாம் பரிபாஷையில, அதாவது சித்தர்களோட மறைபொருள் மொழியில, மறைச்சு வேற இருக்கும், ஒரு பேரு ஒரு ஏட்டுல ஒண்ணு, இன்னொரு ஏட்டுல வேற ஒண்ணு. அதனால தேதி உறுதியா தெரிஞ்ச ஒரு சாட்சிய பக்கத்துல வச்சுக்கங்க. 1813ல சென்னையில அச்சான ஒயிட்லா ஐன்ஸ்லியோட மருந்துச் சரக்கு நூல்ல தமிழ்ப் பேரெல்லாம் குறிச்சிருக்காரு. தஞ்சாவூர் செர்போஜி மன்னர் தன்வந்திரி மஹால்ல தொகுக்க வச்ச சரபேந்திர வைத்தியம்ங்கற மருத்துவ நூலும் கிட்டத்தட்ட அதே காலம். ரெண்டையும் எதிரெதிரா வச்சு ஒரே ஒரு சரக்க மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போனாலே நல்ல கட்டுரை.

இன்னொண்ணு சொல்றேன், இத நான் யார்கிட்ட சொன்னாலும் ஒரு நிமிஷம் நம்ப மாட்டாங்க. தஞ்சாவூர் அரண்மனை சரஸ்வதி மஹால் நூலகத்துல, நவீன வேதியியலுக்கு அடித்தளம் போட்ட பிரெஞ்சுக்காரரு லவாய்சியரோட வேதியியல் அடிப்படை நூல் இருக்கு. 1789ல பாரிஸ்ல வந்த புஸ்தகம், 33 எளிய பொருள்னு அட்டவணை போட்டானே, அதேதான். அஞ்சு வருஷத்துல, 1794 மே மாசம் 8ந் தேதி, அந்த மனுஷனையே கில்லட்டின்ல வெட்டிட்டாங்க. அதுக்கு நாலு வருஷம் கழிச்சு 1798ல நம்ம செர்போஜி பட்டத்துக்கு வராரு. அந்தப் புஸ்தகம் என்ன பதிப்பு, எந்தக் கப்பல்ல யாரு மூலமா வந்துச்சு, மன்னர் கைப்பட ஏதும் குறிச்சாரா, அவரோட வைத்தியர்கள் யாராவது பிரட்டினாங்களா, அரண்மனையில மூலிகை வடிக்கறவங்களுக்கும் அந்தப் புஸ்தகத்துக்கும் நடுவுல என்ன தூரம்? தஞ்சாவூர்ல உக்காந்துக்கிட்டு மட்டும்தான் இதுக்குப் பதில் தேட முடியும், பாரிஸ்லேந்து முடியாது. சாவித்திரி ப்ரீதா நாயர் செர்போஜியோட அறிவியல் ஈடுபாட்ட வச்சு 2012ல பெரிய ஆய்வு நூலே போட்டிருக்காங்க, அத முதல்ல படிச்சிருங்க.

வேதாரண்யம்_உப்புக்காத்து

நான் படிச்சது பிஎஸ்சி கெமிஸ்ட்ரி, இப்ப அகஸ்தியம்பள்ளியில உப்பளத்துல வேல. கருத்தரங்கு எல்லாம் நமக்கில்லன்னுதான் நெனச்சிருந்தேன், மேல ஐயா எழுதினதப் படிச்சதும் ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

உப்பளத்துல டிகிரி டிகிரின்னு பேசிக்குவோம், சூடு இல்ல, தண்ணில உப்பு எவ்ளோ கெட்டியா இருக்குங்கற அளவு. கடல் தண்ணி 3, 3.5 டிகிரி, பாத்தி பாத்தியா மாத்தி காய வச்சுக்கிட்டே போனா நடுவுல ஜிப்சம் படியும், 25 வந்தா உப்பு விழ ஆரம்பிக்கும், 29 தாண்டறதுக்குள்ள மிச்சத் தண்ணிய வெளிய விட்டுரணும், விடலன்னா மக்னீசியம் ஏறி உப்பு கசக்கும், ஈரம் இழுத்து நசநசன்னு ஆயிரும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிங்க கூட இத கையால தொட்டே சொல்லிருவாங்க. ஆனா இந்த டிகிரிங்கறது போமேங்கற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரரு 1768ல செஞ்ச மிதவைக் குழாயோட அளவுன்னு எனக்கு காலேஜ் முடிச்சு அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். வெறும் தண்ணில 0, நூறு பங்குல 15 பங்கு உப்பு கரைச்ச தண்ணில 15, அப்படி வச்சு கோடு போட்டாரு. உப்ப வச்சே செஞ்ச அளவு, அதான் நம்மகிட்ட வந்து இன்னும் நிக்குது.

அதே மாதிரி நாங்க வெளிய விடற அந்தக் கசப்புத் தண்ணி. 1826ல மோன்பெலியேல பலார்னு ஒரு பையன், 24 வயசு கூட இல்ல, அங்க உள்ள உப்பளத்துக் கசப்புத் தண்ணில குளோரின விட்டுப் பாத்து செவப்பா வந்தத பிடிச்சுத்தான் புரோமின கண்டுபிடிச்சான். அதே சமாசாரம் நம்ம கால்ல படற தண்ணில தெனம் ஓடுது. இத படிச்ச அன்னிக்கு நான் பாத்தி ஓரத்துல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே இருந்தேன்.

1930ல ராஜாஜி ஏப்ரல் 13ந் தேதி திருச்சியிலேந்து கெளம்பி 28ந் தேதி இங்க வேதாரண்யம் வந்து சேந்தாரு, உப்பு சத்தியாகிரகம் எல்லாருக்கும் தெரியும். அதே ராஜாஜி திண்ணை ரசாயனம்னு தமிழ்ல வேதியியல் புஸ்தகம் எழுதினவருன்னு எத்தன பேருக்குத் தெரியும்? உப்புல அரசியல் பேசுறவங்க இருக்காங்க, உப்போட வேதியியல் எப்படி இந்தக் கரைக்கு வந்துச்சுன்னு பேச ஆளில்ல. சார், நீங்க வந்தா பழைய ஆளுங்கள நான் கூட்டிட்டுப் போயி காட்டறேன், பேசப் பேச எழுதிக்கங்க.

நாச்சியார்கோயில்_பட்டறை

குத்துவிளக்கு வார்க்கற வீட்டுப் பையன் நான். அண்ணே பித்தளைய மறந்துறாதீங்க, செம்பும் துத்தநாகமும் சேந்ததுதானே அது.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு வீடியோவுல கேட்டேன். துத்தநாகத்த தனியா எடுக்கறது ரொம்பக் கஷ்டமாம், தாதுவுலேந்து பிரியறதுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல வேணும், ஆனா அது 907லயே கொதிச்சு ஆவியாயிரும், அடுப்புல புகையாப் போயிரும். ராஜஸ்தான்ல ஜாவர்ல கத்திரிக்கா மாதிரி மண் மூசை, அதாவது உருக்குற பாத்திரம், செஞ்சு தலகீழா வச்சு ஆவிய கீழ இறக்கி குளிர வச்சு எடுத்திருக்காங்க, ஆயிரக்கணக்குல அந்த மூசை இன்னும் குமிஞ்சு கெடக்கு. அது தெரியாத ஊருல செம்போட தாதுவையும் கரியையும் போட்டு மூடி வேக வைப்பாங்களாம், அதுல துத்தநாகம் நூத்துக்கு 28, 30 பங்குக்கு மேல செம்புல ஏறாதாம். அப்ப பழைய விளக்கோட பங்கப் பாத்தா எந்த முறைன்னு கண்டுபிடிச்சிரலாமே?

மன்னார்குடி_மதில்

தம்பி பட்டறை, சரியாத்தான் பிடிச்சிருக்க. 30க்கு மேல இருந்தா உலோகத் துத்தநாகம் போட்டிருக்காங்கன்னு துணிஞ்சு சொல்லலாம். கம்மியா இருந்தா மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது, ரெண்டு முறையிலயும் கம்மியா வரும். பழசு பட்டறைக்கு வந்து உருகியிருந்தா கணக்கு இன்னும் குழம்பும்.

நாச்சியார்கோயில்_பட்டறை

ஆமாக்கா அது நெசம்தான், எங்க வீட்டுலயே பழைய பாத்திரம் பண்டத்த ஒடச்சுத்தான் மூசையில போடுவோம். உருகறப்ப வெள்ளையா புகை வரும் பாருங்க, அது துத்தநாகம் போறதுதான், அதுக்கு ஈடா கடைசில கொஞ்சம் போட்டுக் கிண்டுவோம். எவ்ளோன்னு அப்பா கண்ணாலயே சொல்லுவாரு. அத யாரும் எழுதி வைக்கல.

மன்னார்குடி_மதில்

குடந்தை, இப்ப தம்பி சொன்ன கடைசி வரிய எழுதி வச்சுக்கங்க, அந்தக் "கண்ணாலயே" எவ்ளோன்னு தராசுல நிறுத்துப் பதிவு பண்ணா அதுவே ஆவணம். சிலைப் பக்கம் இந்த வேலைய சாரதா ஸ்ரீநிவாசன் பண்ணியிருக்காங்க, தென்னிந்திய செப்புத் திருமேனிகள்ல ஈயத்தோட ஐசோடோப் விகிதத்தையும் நுண்ணளவு தனிமங்களையும் அளந்து எந்தக் காலத்துதுன்னு பிரிச்சுப் பாத்தாங்க. 2009ல பெங்களூர்ல உலோகப் பயன்பாட்டோட தொடக்கங்கள் பத்தின உலக மாநாட்டு வரிசையில ஏழாவது நடந்துச்சு, அந்த வரிசையும் உங்களுக்குப் பொருந்தும். ஆனா ஒரு எச்சரிக்கை, கையில பிடிக்கற எக்ஸ்ரே கருவிய மேல வச்சு வர்ற எண்ண அப்படியே போட்டுறாதீங்க, மேல் தோல்ல களிம்பு இருக்கும், புளி போட்டு தேச்சுத் தேச்சு மேல்பரப்பே மாறியிருக்கும், உள்ள இருக்கறது வேற.

குடந்தை_வேதியன்

என்ன சொல்றதுன்னே தெரியல. கருத்தரங்கு பேர் நாலு கேட்டேன், நீங்க எனக்கு ரெண்டு வருஷத்துக்கு வேலை குடுத்துட்டீங்க.

நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். ரசவாதம் பத்தி பொதுவா எழுத நெனச்சத விட்டுட்டேன், தேரடி நண்பர் தப்பா எடுத்துக்காதீங்க, சுவடிக்கட்டு ஐயா சொன்ன முதல் கேள்விக்கே எங்கிட்ட பதில் இல்ல. லவாய்சியர் புஸ்தகம் தஞ்சாவூர்ல இருக்குங்கறது என்னால ஜீரணிக்கவே முடியல. நான் தஞ்சாவூருக்கு எத்தன தடவ போயிருப்பேன், அரண்மனைக்குள்ள பசங்கள டூர் கூட்டிட்டுப் போயிருக்கேன், அவங்க கேட்ட "யாரு சார் கண்டுபிடிச்சா"வுக்கு பதில் அந்தக் கட்டடத்துக்குள்ளயே அலமாரியில இருந்துருக்கு. அதத்தான் எடுக்கப் போறேன். பதிப்பு, பக்கத்துல இருக்குற முத்திரை, கையெழுத்து, நூலகப் பட்டியல்ல எந்த வருஷம் ஏறுச்சு, இவ்ளோதான் முதல் கட்டுரை. ராபர்ட் கெர் 1790ல எடின்பரோவுல போட்ட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் அங்க இருக்கான்னு பாக்கணும். மன்னருக்கு அது பிரெஞ்சுல போச்சா இங்கிலீஷ்ல போச்சாங்கறதே ஒரு விஷயம்தானே.

உப்புக்காத்து தம்பி, மே மாச லீவுல கண்டிப்பா வரேன், வெயில் உச்சத்துல உப்பு வார்றதப் பாக்கணும். போமே அளவ வச்சு பசங்களுக்கு ஒரு கிளாஸ் எடுக்கப் போறேன், அதுக்கு உங்க பாத்தித் தண்ணி ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு பாட்டில் வேணும்.

அக்கா, ஷாக் செமினாருக்கு பேர் குடுத்துட்டேன். சுருக்கம் எழுதினா ஒரு தடவ பாத்துத் தருவீங்களா?

மன்னார்குடி_மதில்

அனுப்புங்க தம்பி. முதல் வரியில "பழம்பெருமை வாய்ந்த"ன்னு ஆரம்பிக்காம "இந்தப் பிரதி"ன்னு ஆரம்பிங்க. இன்னொண்ணு, தமிழ்ல வேதியியல் எப்படி வந்துச்சுன்னு பின்னாடி ஒரு நாள் எடுத்தீங்கன்னா யாழ்ப்பாணத்துல மருத்துவம் சொல்லிக் குடுத்த சாமுவேல் கிரீன் பக்கம் போங்க, 1875ல கெமிஸ்தம்னே பேர் வச்சு தமிழ்ல பாடநூல் வந்துருக்கு. செர்போஜியோட அலமாரியிலேந்து அந்த கெமிஸ்தம் வரைக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரிஞ்சுக்கணும்.

சுவடிக்கட்டு

குடந்தைத் தம்பி, வர்றதுக்கு முன்னாடி உங்க காலேஜ்லேந்து ஒரு கடிதம் வாங்கிக்கங்க, அரிய நூல் பாக்கணும்னா எழுத்துல கேக்கறதுதான் மொறை. பேனா எடுத்துட்டு வராதீங்க, பென்சில் மட்டும். சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு அரண்மனை வாசல்ல நிக்கறேன், வெள்ளை வேட்டி, கையில பழைய மஞ்சப்பை இருக்கும்.

குடந்தை_வேதியன்

கடிதம் வாங்கிட்டேன் ஐயா. ஏழே முக்கால் பஸ்ல கெளம்பிருவேன். பட்டறை தம்பியும் வரேங்கறாரு.